மேல்வீட்டுக் காலடி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ரஞ்சினி குடியிருந்த வீட்டுக்கு மேல்வீட்டில் எம்ரிஸ் என்ற வேல்ஸ்காரர் தனியாக இருந்தார். வயது எழுபத்தொன்று. மரத்தில் அடி வைத்த தோல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தரையையே மேளமாக்கி ஆடுவது அவர் ஊர் ஆட்டம். ரஞ்சினிக்கோ பேக்கரியில் விடிகாலை வேலை, மதியம்தான் நித்திரை. மூன்று மணிக்கு முன் ஆடுவதில்லை என்று மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார். பத்து வருடத்தில் ஒருநாளும் மீறவில்லை.

தரை கூட்டும் தும்புத்தடியைத் தாண்டித் தாண்டி ஆடுவதும் உண்டு. தன்னுடையது முறிந்தபோது ரஞ்சினியிடம் இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தார்.

"வெள்ளைக்காரன் பாய்ஞ்ச தடியெண்டு கூட்டாமல் வைச்சுக் கும்பிடுறீரோ?" என்று சீண்டுவார் அவள் கணவர் சிவகுருநாதன்.

"உங்களுக்கு அதைத் தூக்கவே ஏலாது. பேசாமல் இருங்கோ."

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கே மேலே தட்டுகிற சத்தம். ரஞ்சினி அரைத் தூக்கத்தில் எழுந்து தும்புத்தடியால் சீலிங்கில் இடித்தாள். மேலேயிருந்து உடனே இன்னும் பலமாகப் பதில் வந்தது.

"கிழவனுக்கு இண்டைக்குக் கொழுப்பு!"

மறுபடி இடித்தாள். மறுபடி பதில் வந்தது. பிறகு ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை பொலிஸ் கதவை உடைத்தது. இடுப்பு முறிந்து கிடந்தவர், கையில் ஒற்றைச் சப்பாத்தோடு இறந்திருந்தார். கீழே கேட்டுவிட்டது, இதோ வருகிறார்கள் என்று நம்பியிருப்பார், செல்லங்களே. கதை சொல்கிற எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எம்ரிஸின் தங்கை நெஸ்டா வேல்ஸிலிருந்து வந்தார்.

"அவ கேட்டால் என்ன சொல்லுறது?" என்றாள் ரஞ்சினி கணவரிடம்.

"ஆடினவர் எண்டு சொல்லும். செத்த ஆள் திரும்பி வருமே? இருக்கிறவவாவது நிம்மதியாய்ப் போகட்டும்."

அப்படியே கேட்டார் நெஸ்டா, ரஞ்சினியின் குசினியில், மெதுவான டொச் மொழியில். "வியாழக்கிழமை ஏதாவது கேட்டதா?"

"ஆடினார். நான் கேட்டேன்."

நெஸ்டாவின் முகம் மலர்ந்தது. அவரும் சிறுவயது முதல் ஆடியவர். "எந்த அடி? தட்டிக் காட்டுங்கள். அடக்கத்தன்று அதையே ஆடுவேன்."

பத்து வருடம் தலைக்கு மேல் கேட்ட அடிகள். அதில் ஒன்றைத் தட்டத்தான் நினைத்தாள். விரல் சொல்வழி கேட்கவில்லை. சமையலறை மேசையில் மூன்று தட்டு. இடைவெளி. மூன்று. நீண்ட இடைவெளி. இரண்டு.

தாளம் பிடிக்கத் தலையசைத்துக்கொண்டிருந்த நெஸ்டா அப்படியே நின்றுபோனார்.

"இதற்கு யாராலும் ஆட முடியாது."

ரஞ்சினி மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்ணன் எவ்வளவு நேரம் தட்டினார்?"

"இருபது நிமிடம் இருக்கும்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நானும் திருப்பித் தட்டினேன்."

நெஸ்டா கோட்டைப் போடவில்லை. அதைக் கையில் சுருட்டிக்கொண்டு, அந்தக் குளிருக்குள் படியிறங்கிப் போனார்.