விஜி பேசாத வெள்ளிக்கிழமைகள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. துபாய்க்குக் கிழக்கே, புஜைராவில் ஒரு கடற்கரை ஹோட்டலின் சமையலறையில் வேலை பார்க்கும் சந்திரகலா, டூட்டிக்குப் போகும் வேனில் சொன்னது. நான் பக்கத்து எண்ணெய்க் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், போவது அதே வேனில். கதை எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து, "அண்ணே, நம்ம கதையையும் எழுதுங்க" என்று உயிரை எடுத்தாள்.

2.

"சூரியன் கடலில் மெல்ல இறங்கி..."

(வெட்டிவிட்டேன். "இங்க சூரியன் மலைக்குப் பின்னால இல்ல விழுது? எத்தன வருஷமா இருக்கீங்க?" என்றாள். மானம் போயிற்று.)

"சந்திரகலா கண்ணீருடன் போனை..."

(இதுவும் வேண்டாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.)

நேராகவே வருகிறேன். ஜூலையில் ஊருக்கு வருவதாக மகள் விஜிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். விஜிக்கு ஒன்பது வயது. அருப்புக்கோட்டையில் சித்தி வீட்டில் வளர்கிறாள். அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து யூதப் பிள்ளைகளின் கோடை முகாம் ஒன்று வந்து ஹோட்டல் நிறைந்தது. எல்லோருக்கும் லீவு கேன்சல். "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றாள் விஜி. அதோடு சரி. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்திரகலா கூப்பிடுவாள். சித்திதான் எடுத்து, "தூங்கிட்டாக்கா" என்பாள். பின்னால் டிவி சத்தத்தோடு விஜியின் சிரிப்பும் கேட்கும்.

3.

முகாமின் முதல் வெள்ளி. அந்தி சாய்ந்ததும் சப்பாத். (யூதர்களின் ஓய்வு நாள், சனி இரவு வரை. அதுவரை வேலை கிடையாது, ஸ்விட்சைத் தொடுவதில்லை, போனைத் தொடுவதில்லை. நான் நேரில் பார்த்தவனில்லை. வர்ணனையில் குறையிருந்தால் சந்திரகலாவைக் கேளுங்கள்.) பிள்ளைகள் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தார்கள். மேசையில் மெழுகுவர்த்திகள், துணி மூடிய பின்னல் ரொட்டிகள்.

"நம்ம வீட்டுல வெள்ளிக்கெழம விளக்கேத்துவோமே, அதே மாதிரிண்ணே."

சமையலறை வாசலில் ஒரு சிறுமி தேம்பிக்கொண்டிருந்தாள். பெயர் ஷீரா. விஜி வயதுதான். அம்மா வேண்டுமாம். வளைகுடாவில் இருக்கிற நாங்கள் என்ன செய்வோமோ அதையே சந்திரகலாவும் செய்தாள். போனை எடுத்து நீட்டினாள்.

"நம்பர் சொல்லும்மா, கூப்பிடுவோம்."

ஷீரா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இன்னிக்கு அம்மா எடுக்க மாட்டாங்க."

"ஏன், கோவமா?"

"இல்ல, சப்பாத். இந்நேரம் விளக்கேத்தியிருப்பாங்க. என்னையத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

(அவள் பேசியது இங்கிலீஷ். சந்திரகலா அதை அருப்புக்கோட்டைத் தமிழில் சொன்னாள். திருத்த எனக்கு மனசு வரவில்லை.)

அதற்குள் முகாம் டீச்சர் தேடி வந்து, ஷீராவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஏதோ முணுமுணுத்தாள். வெள்ளி அந்தியில் பெற்றவர்கள் பிள்ளைகளை இப்படித்தான் வாழ்த்துவார்களாம். முகாமில் அவர்களுக்குப் பதில் டீச்சர். ஷீரா முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடப் போய்விட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா எடுக்க மாட்டாங்கன்னு தெரியும், அழுக நின்னுருச்சு. எம் மக எடுக்க மாட்டான்னு எனக்குந்தான் தெரியும். எனக்கு நிக்கலையேண்ணே."

4.

முடிவுகள்.

அ) அடுத்த வெள்ளி விஜியே போனை எடுக்கிறாள். (வேனில் வாசித்துக் காட்டினேன். "நடக்காதத எழுதாதீங்கண்ணே. அப்புறம் அதையே நம்பிக்கிட்டு உக்காந்திருப்பேன்.")

ஆ) சந்திரகலாவும் வெள்ளிதோறும் போனை அணைத்துவிட்டு, மகள் தன்னை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அமைதியடைகிறாள். ("அணைக்கவா? கிறுக்கா உங்களுக்கு? அவ திடீர்னு கூப்பிட்டுட்டா?")

இ)

(ஒன்றும் வரவில்லை. இந்தக் காகிதத்தை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.)

5.

கடைசியில் சந்திரகலாதான் வழி சொன்னாள். "முடிக்காமலே என் தங்கச்சி போனுக்கு அனுப்புங்க. விஜி நல்லா வாசிப்பா."

ஆகவே, இதுவரை கூட வந்த மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இனி இது ஒருத்திக்கு மட்டும்.

விஜி, உன் அம்மா வராதது தப்புதான். அவளே ஒத்துக்கொள்கிறாள். டீச்சர் ஷீராவின் தலையில் கை வைத்தபோது, இவள் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்து நின்றாளாம், கை வைக்க உன் தலை அங்கே இல்லாமல்.

இன்று வெள்ளிக்கிழமை. கூப்பிடுவாள். உன் கோபத்தை விடச் சொல்லவில்லை, பேசவும் வேண்டாம். எடுத்துக் காதில் வைத்துக்கொள், போதும்.