ஏழாவது புள்ளி

கனேடிய ஃபுட்போல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 23–17 என்று முன்னால் நின்றோம். நான்கு விநாடி மீதி. பையன்கள் தலைக்கவசங்களைக் கழற்றிவிட்டுக் கட்டிப்பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பந்தோடு முழங்காலில் அமர்ந்து நேரத்தை முடிக்கும்படி பயிற்சியாளர் கைகாட்டினார். கல்லூரி அணியின் பதிவேட்டை வைத்திருக்கும் நான் மட்டும் அவரை நோக்கி ஓடினேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் லீக்கில் முதல் நான்கு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். நான்காம் இடம் மட்டும் மீதி இருந்தது. இந்த ஆட்டத்தை வென்றால் எங்களுக்கு ஐந்து வெற்றி, மூன்று தோல்வி, எதிரணிக்கும் அப்படியே. அப்போது இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். செப்டெம்பரில் அவர்களிடம் 20–14 என்று தோற்றோம். இன்று ஆறு புள்ளியால் வென்றால் அது வெறும் சமன். பிறகு பருவம் முழுக்க எடுத்த புள்ளிகளைப் பார்ப்பார்கள். அதில் அவர்கள் வெகு முன்னால். வென்றும் வீட்டுக்குத்தான் போவோம்.

பயிற்சியாளர் பதிவேட்டைப் பார்த்தார். பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, பந்தை உதைக்கும் மதுஷனை அழைத்தார்.

"நிருஷா அக்கா, வெண்டிட்டம்! சிரியுங்கோவன்."

"இன்னும் ஒரு புள்ளி வேணும். செப்டெம்பரில நீ ரெண்டு உதையைத் தவறவிட்டனி, ஞாபகம் இருக்கோ?"

"அதை இப்பதான் சொல்லுவியளோ!"

"ஓம். கம்பத்தை மறந்திடு. இடப்பக்க மூலைக்கு அடி."

கனேடிய ஃபுட்போலில் எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்: உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. போகாவிட்டாலும், கோல் கோட்டைத் தாண்டிப் பின்கோட்டுக்கு வெளியே உருண்டுவிட்டால் ஒரு புள்ளி. துறைமுகப் பக்கமிருந்து எதிர்க்காற்று அடித்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கம்பங்களை நம்ப முடியாது, மூலையை நம்பலாம்.

மதுஷன் உதைத்தான். பந்து கம்பங்களை விட்டு நன்றாக விலகிப் போனது. குறி தவறியதென்று எதிரணிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஒருவனுக்கு மட்டும் விளங்கிவிட்டது. பந்தைப் பிடித்துக் கோல் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தால் எங்களுக்குப் புள்ளி இல்லை; அதற்காக ஓடினான். அவன் விரல் படுமுன் அது ஈரப் புல்லில் வழுக்கிப் பின்கோட்டைத் தாண்டியது.

நடுவர் ஒரு விரலை உயர்த்தினார்.

மதுஷன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, இப்பவாவது சிரிக்கலாமோ?"

"பொறு," என்றேன். "முதல்ல இருபத்திநாலு எண்டு எழுதிப்போட்டு."