மஞ்சள் கோடு

சூட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வரும் ஷூவின் அடித்தட்டை, அது ஆறுவதற்குள் எடுத்து மேல்பாகத்தோடு பொருத்தி அமுக்க வேண்டும். மற்றப் பெண்கள் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு எடுப்பார்கள். ஒருத்தி மட்டும் வெறுங்கையால் எடுப்பாள். அதனால் அவளுக்குக் குறடு என்று பெயர் விழுந்து, பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

பசை பூசும் பகுதியில் கை மரத்தவள்தான் கைகாரி. புதிதாக வருகிறவள் முதலில் ஆ, ஊ என்று விரலை ஊதிக்கொண்டு நிற்பாள். பிறகு ஒருநாள் ஊதுவதை மறந்துவிடுவாள். அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், "வேலை படிஞ்சிடுச்சுடி உனக்கு" என்று முதுகில் தட்டுவார்கள். குறடுக்கு எல்லோரையும்விடச் சீக்கிரம் படிந்திருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனார் இன்னும் துணி சுற்றிக்கொண்டுதான் எடுத்தாள்.

அந்த வருஷம் சாதாரண ஷூ லைன்களை எல்லாம் மூடிவிட்டார்கள். துணி வெட்டும் பகுதியில் இருந்த குறடின் புருஷனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கே கேட்டாலும் வயதாகிவிட்டது என்றார்கள். வீட்டில் அடுப்பு எரிவது குறடு, நாத்தனார் இரண்டு பேரின் கையில் நின்றது.

மிச்சம் இருந்தது ஒரே லைன். அதற்குத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து பெட்டிக்காரர் வந்தார். ஷூ வடிவமைப்பது அவர் வேலை. கையில் பெட்டியோடு வந்ததால் அந்தப் பெயர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய ஜோடியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐம்பது வருஷப் பழசு இது. அதுக்கு முன்னாடி ஓட்டக்காரங்க தோல் ஷூ போட்டுத்தான் ஓடினாங்க. மழையில நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். நம்ம கம்பெனிதான் நைலான் துணி போட்டுப் பாத்துச்சு. துணி கட்டைவிரல்கிட்ட கிழிஞ்சுது, அதனால முன்னாடி இந்த மெத்துத் தோல். பக்கத்துல இருக்கிற பட்டை அழகுக்காக வச்சதில்ல, துணி தொய்யாம இழுத்துப் பிடிக்கறதுக்கு. அப்புறம் இங்க பாருங்க, குதிகாலுக்குக் கீழ ஆப்பு மாதிரி ஸ்பாஞ்சு. ஓடுறவன் குதிகால் நோகக் கூடாதுன்னு ஒருத்தர் வருஷக்கணக்கா யோசிச்சு வச்சது."

"நிக்கிறவ குதிகாலுக்கு யாராச்சும் யோசிச்சாங்களா சார்?" என்றாள் குறடு.

லைன் முழுக்கச் சிரித்தது. பெட்டிக்காரரும் சிரித்தார், நல்ல மனுஷன்தான். அந்த ஷூவை அச்சு அசலாகத் திரும்பச் செய்யப் போகிறார்கள், வாங்குவதற்கு ஊரெல்லாம் ஆள் காத்திருக்கிறது என்றார்.

"பழசுக்கு இவ்வளவு மவுசா? எங்க வீட்லயும் ஒண்ணு வாசல்ல உக்காந்திருக்கு. பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போங்க சார்."

நாத்தனார் அவள் இடுப்பில் கிள்ளினாள். "அண்ணி, அது எங்க அண்ணன்!"

சிக்கல் பசையில் வந்தது. அடித்தட்டும் மேல்பாகமும் சேருகிற இடத்தில் பழைய ஷூவில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. அந்தக் காலத்துப் பசை பிதுங்கிக் காய்ந்த தடம். இப்போதைய தண்ணீர்ப் பசை தடமே விடாது. தூரிகையால் மஞ்சள் வர்ணம் தீட்டிப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொய்யாத் தெரியுது. அந்தக் கோட்டுக்காகத்தான் வாங்கறாங்க."

ஆகவே பழைய பசை திரும்பி வந்தது. மூடியைத் திறந்ததும் பழுத்த பழம்போல் ஒரு வாசனை கொட்டகை முழுக்கப் பரவித் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. குறடு அதை மறந்திருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பூசியது இதே பசைதான். ஜன்னல்களைத் திறக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர், தூசி வந்து கோட்டில் ஒட்டிக்கொள்ளுமாம்.

சில மாதங்கள் போயின. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நாத்தனார் பின்னாலிருந்து ஓடி வந்தாள். அவள் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது.

"அண்ணி, இது உங்களுதுதானே? அந்த முனையிலயே கழண்டு கிடக்கு. வெறுங்காலோட நடக்கறீங்க!"

குறடு குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. இரண்டுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "காலும் வேலை படிஞ்சிடுச்சு போல" என்று சிரித்தாள். நாத்தனாரால் சிரிக்க முடியவில்லை.

பழைய பசையின் நெடி கால் நரம்பை மரக்கடிக்கும். அதில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும் என்பது ஷூவை மொத்தமாக வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை. உணர்ச்சி குறைந்தவளை வேறு லைனுக்கு மாற்ற வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் வேறு லைன் ஏது? அதனால் வேறு லைன் என்றால் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் அப்படி ஒருத்தி சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனாள்.

"நாளைக்கு எனக்குப் பாப்பாங்க. மாட்டிக்குவேன்டி" என்றாள் குறடு.

"மாட்ட மாட்டீங்க. என் பக்கத்துல ஒட்டி உக்காருங்க, போதும்."

மறுநாள் நீள பெஞ்சில் எல்லோரும் வரிசையாக, காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா பஞ்சுத் திரியோடு வந்தாள். "கண்ண மூடிக்கோ. தொட்டா தொட்டேன்னு சொல்லு."

குறடு கண்ணை மூடினாள். பஞ்சு கட்டைவிரலைத் தொட்டபோது நாத்தனாரின் தோள் அவள் தோளில் லேசாக இடித்தது.

"தொட்டீங்க."

பஞ்சு சுண்டுவிரலுக்குப் போனது. தோள் இடித்தது.

"தொட்டீங்க."

நர்ஸம்மா தொடாமல் சும்மா இருந்து பார்த்தாள். தோளும் சும்மா இருந்தது. குறடும் வாயைத் திறக்கவில்லை. "நல்ல உணர்ச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்தவளிடம் நகர்ந்தாள். பெஞ்சில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஒருத்திகூட மூச்சு விடவில்லை. பிறகு குழாயடியில் கூடி நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். குறடு நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த மாதமும்.

முதல் சரக்கு கிளம்புவதற்குக் கொஞ்சநாள் முன்னால் குறடு கொட்டகைப் படியில் விழுந்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், முழங்காலுக்குக் கீழே கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நாத்தனார் தோளில் சாய்த்துக் கம்பெனி டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"அந்தப் பசைதான் டாக்டர். மெல்ல மெல்ல மரத்துப்போச்சு" என்றாள் குறடு.

டாக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார். அவள், "மாசாமாசம் பாக்கறேன் டாக்டர். இவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாரையும்விட டக்டக்குனு சொல்லுவாங்க" என்றாள்.

"அப்ப இது இங்க வந்த நோய் இல்ல. வீட்ல ஏதாவது வேலை செய்யறீங்களா?"

குறடு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் வாயைத் திறந்தாள். தோளால் இடித்ததைச் சொன்னால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் புருஷன் வந்து குறடைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

சரக்கு கிளம்பிய அன்று, தேறாமல் ஒதுக்கிய ஷூக்களை லைனில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார்கள். நாத்தனார் தன் பங்கைக் குறடின் அளவில் கேட்டு வாங்கிவந்தாள். குறடு அதை மடியில் வைத்து மஞ்சள் கோட்டை விரலால் தடவினாள்.

"இது யாரு பூசினது? சீரா இருக்கே."

"நீங்கதான் அண்ணி. வேற யாரு இப்படிப் பூசுவா?"

மாட்டி, கயிறு இறுக்கிக் கட்டினாள் நாத்தனார். குறடு புருஷனின் கையைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பிறகு சுவரையும் விட்டுவிட்டுத் தெருமுனை வரை ஆடி ஆடிப் போய்த் திரும்பினாள். அவள் முகம் பூரித்திருந்தது. "இது செருப்பு மாதிரி கழண்டு ஓடாதுடி! தினம் நடந்தா ரெண்டு மாசத்துல வேலைக்கு வந்துடுவேன், பாரு."

அவள் வந்த வழியில் சிவப்புச் சொட்டுகளைப் பார்த்த நாத்தனார் சட்டென்று தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். ஷூவின் உள்ளே, ஐந்து விரல்களுக்கும் கீழே, நடுவில் ஒரு ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. பாதத்துக்குக் கீழே வரும் உள்ளட்டையைக் கால் வடிவ அச்சோடு நிறுத்துவதற்காக அடித்துவிட்டுப் பிறகு பிடுங்கிவிடுகிற ஆணி. யாரோ பிடுங்க மறந்திருந்தார்கள். பாதத்தில் ஓர் இடம் திரும்பத் திரும்பக் குத்திக் குழிந்திருந்தது. ரத்தம் நைலானில் ஊறிப் பட்டை வரை ஏறியிருந்தது.

புருஷன் துணி எடுக்க உள்ளே ஓடினான். நாத்தனார் அந்தக் காலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குறடு எட்டி ஷூவை எடுத்து உள்ளே பார்த்தாள்.

"அட, ஏன்டி அழற? தண்ணியில ஊறப்போட்டா கறை போயிடும்" என்றாள்.