கால்கள் வந்து சேரும்வரை

அந்த பூட்ஸ் பழுப்பு நிறமா கறுப்பா என்று இப்போது கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கறுப்பு என்றுதான் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லியே அது கறுப்பாகியிருக்கலாம். என்னோடு வேலை பார்த்த சிக்மாஸ் இருந்தவரை பழுப்பு என்றே சாதித்தார். மார்ச் மாதம் என்பதும், ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை என்பதும் நிச்சயம். மற்றவற்றில் நான் கண்ணால் பார்த்தது எது, பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்துச் சேர்த்துக்கொண்டது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ருகிலே முதலில் யார் பெயரைச் சொன்னாள் என்பதை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒவ்வொரு மார்ச்சிலும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்கள் எங்கள் ஊர் விளையாட்டுக் கூடத்துக்கு வருவார்கள். அவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து பனெவெஜிஸ் நகரத்து விடுதிக்கு அனுப்புவோம். அங்கே படிப்பு, சாப்பாடு, காலையும் மாலையும் கூடைப்பந்து. பொறுக்குவது பயிற்சியாளர்களான சிக்மாஸும் நானும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஓயாமல் பேசுவார். நான் அதிகம் பேசமாட்டேன்.

"ஆல்தோனா, நீ வாயத் தொறக்கறதுக்குள்ள இந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்மா" என்பார். அதற்கும் நான் பதில் சொல்லமாட்டேன்.

பெற்றோரின் உயரத்தைக் கேட்பது எங்கள் நாட்டில் எல்லாப் பயிற்சியாளரும் செய்வதுதான். சிக்மாஸ் அதற்கும் முன்னால் ஒரு வேலை செய்வார். பிள்ளைகள் பனியில் நனைந்த பூட்ஸைக் கூடத்துக்கு வெளியே நடையில் வரிசையாகக் கழற்றிவிட்டு, விளையாட்டுக் காலணி மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தபடி நடப்பார். குட்டியின் பாதத்தைப் பார்த்தால் நாய் எவ்வளவு பெரிதாகும் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

அன்று ஒரு ஜோடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இங்க வா ஆல்தோனா. இது பூட்ஸா, படகா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் தொப்பியைக் கையில் எடுத்தார். "அது என் பொண்ணோடதுங்க. ஸ்மில்டே."

"எழுந்திருங்க பாப்போம்."

அவர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். தலை விளக்கில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். பெயர் அல்வீதாஸ், மரம் அறுக்கும் ஆலையில் வேலை.

"அம்மா?" என்றார் சிக்மாஸ், கண் பளபளக்க.

"என் தோளுக்குக்கூட வரமாட்டா. அயர்லாந்துல காளான் பண்ணையில இருக்கா. காளான் பறிக்க உயரம் எதுக்குங்க?" சிரித்தார். பிறகு தொப்பியைச் சுழற்றியபடி சொன்னார். "ஆலையை மூடப் போறாங்க. ஆகஸ்ட்ல நானும் கிளம்பறேன். புள்ளைக்கு விடுதியில இடம் கெடைச்சா அவ இங்கயே இருக்கலாம்னு அவ அம்மாவும் ஒத்துக்கிட்டா. எனக்கு ஒரு டிக்கெட் போதுமா, ரெண்டு எடுக்கணுமான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

"புள்ள என்ன சொல்லுது?"

"அங்க மழைதான் இருக்காம், கூடையே கிடையாதாம். அப்படின்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. சாப்பிடவே மாட்டேங்குது."

உள்ளே போய் அவளைப் பார்த்தோம். ஒரே வருஷத்தில் வளர்ந்த உடம்பு. சட்டைக் கை முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. ஓடும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு போயின. பந்தைத் தட்டிக்கொண்டு வந்தவள் தன் காலிலேயே அடித்துக்கொண்டாள். பந்து உருண்டு எங்கள் மேஜைக்குக் கீழே வந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் மேஜையில் தலையை இடித்தாள்.

"மன்னிச்சுக்குங்க கோச்."

"என்கிட்ட எதுக்கு? மேஜைகிட்ட கேளு" என்றார் சிக்மாஸ். அவள் போன பிறகு பெருமூச்சு விட்டார். "கால் வளந்துடுச்சு. தலைக்கு இன்னும் தகவல் போகல."

வந்திருந்த பெண்களில் ருகிலேவைப் பற்றி யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. சந்தை கூடும் பக்கத்து ஊர்க்காரி, நடுத்தர உயரம், இறுக்கிப் பின்னிய ஒற்றை ஜடை. வலக்கை இடக்கை இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். நின்று எறிந்தாலும் ஓடிக்கொண்டே எறிந்தாலும் பந்து வலையை மட்டும் தொட்டு விழும். சிக்மாஸ் அவளைப் பார்க்கும்போது பேச்சை நிறுத்தினார். அவரைப் பொறுத்தவரை அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அந்தக் காலையில் இருவரும் சற்று நேரம் ஒரே அணியில் ஆடினார்கள். ஸ்மில்டே நடுவில் பந்தைப் பிடித்தாள், பிடித்த வேகத்தில் இடது மூலைக்கு எறிந்தாள். மூலையில் யாருமே இல்லை. பந்து சுவரில் மோதியது. பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏய், பேய்க்கு பாஸ் குடுக்கறியாடி?" என்றாள் ஒருத்தி. ஸ்மில்டேவின் காதுகள் சிவந்தன.

ருகிலே சிரிக்கவில்லை. பந்து தரையைத் தொட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தான் நின்ற இடத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு எட்டுதான் இருந்தது.

நானும் அந்த இடத்தைப் பார்த்தேன். அதன் பிறகு ஸ்மில்டேவின் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "பின்னாடி, பின்னாடி வரா." "விடு, அவளுக்கு இடது கை வராது." "இப்ப ஓடு." கத்தல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பால் கடன் கேட்பது போன்ற குரல். அவள் சொன்னதைக் கேட்டவர்களுக்குப் பந்து கிடைத்தது. கேட்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதில் தற்செயல் எவ்வளவு என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்குள் ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். ஆறாவது இடத்துக்கு ருகிலே, ஸ்மில்டே என்று இரண்டு பெயர்கள் இருப்பதாக எல்லோருக்கும் சொன்னோம். ருகிலே அந்த ஐவரில் இல்லாததற்குக் காரணம் நான்தான். "கொஞ்சம் இருங்க" என்று சிக்மாஸிடம் சொல்லியிருந்தேன்.

அவர் கறுப்பு ரொட்டிமேல் புகையிட்ட பன்றிக் கொழுப்பை வைத்துக் கடித்தபடி என்னைப் பார்த்தார். "எதுக்கு இருக்கணும்? ருகிலே எங்க, இந்தக் குட்டி ஒட்டகம் எங்க?"

"தலைக்குத் தகவல் போகலைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"தலையிலேருந்துதான் தகவல் கிளம்புது. காலுக்குத்தான் இன்னும் போய்ச் சேரல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதுதான் காரணமாக இருக்க வேண்டும். "கால் வராமயே போயிட்டா? எத்தனை பேரப் பாத்துட்டோம். வளந்து முடிச்சும் தடுக்கி விழறவங்க இருக்காங்க."

நானே அப்படி ஒருத்தியைச் சிபாரிசு செய்து, அவள் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டு ஊர் திரும்பியதும் உண்டு. வளரும் பிள்ளையை எடை போடுவது விதையைக் காதில் வைத்துக் கேட்பது மாதிரி. கேட்டதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

நாங்கள் ஒத்துப்போகாத நாட்களில் செய்வதை அன்றும் செய்தோம். இரண்டு தலைவிகளை நிறுத்தி, பிள்ளைகளே அணி பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டோம். தோற்கிற அணி கூடம் முழுவதையும் துடைக்க வேண்டும். ஈரத் துடைப்பம் பிடிக்கப் பிடித்த பிள்ளையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அதனால் பொய்யாகத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள்.

ருகிலே ஒரு தலைவி. மேத்தா என்ற உயரமான பெண் இன்னொருத்தி. காசு சுண்டியதில் முதல் வாய்ப்பு ருகிலேவுக்கு விழுந்தது. கூடம் முழுக்கப் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். மதியத்துக்குள் தேர்வான ஐவரில் நான்கு பேர் அவள் கண்ணெதிரே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கூப்பிடும் முன்பே காலை எடுத்து வைத்துவிட்டாள்.

"ஸ்மில்டே" என்றாள் ருகிலே.

யாரோ சிரித்தார்கள். சிக்மாஸ் என் பக்கம் திரும்பவேயில்லை. ஸ்மில்டே தன்னைச் சுட்டிக் காட்டி "நானா?" என்றாள்.

"இங்க வேற ஸ்மில்டே இருக்காளா? வாடி சீக்கிரம்."

அந்த ஆட்டத்தை நான் நினைத்து நினைத்துத் தேய்த்துவிட்டேன். ஸ்மில்டே இரண்டு முறையோ மூன்று முறையோ விழுந்தாள். ஒருமுறை விழுந்து கிடந்தபடியே "வலது பக்கம், ருகிலே, வலது பக்கம்" என்றாள். ருகிலே திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் ஓடினாள், பந்து அவள் கைக்கு வந்தது, கூடையில் விழுந்தது. மெலிந்த, பயந்த இரண்டு பிள்ளைகள் அவர்கள் அணியில் இருந்தார்கள். காலையில் அவர்கள் பந்தைக் கண்டாலே ஒதுங்கியவர்கள். ஸ்மில்டே அவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். அவர்கள் நின்றார்கள். நின்ற இடத்தைத் தாண்ட முடியாமல் மேத்தாவின் ஆட்கள் முழித்தார்கள்.

கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து ஸ்மில்டேவிடம். ருகிலே கூடைக்கடியில் தனியாக நின்றாள். ஸ்மில்டே அவளைப் பார்த்துவிட்டாள். எறியக் கையைப் பின்னால் இழுத்தபோது இடது கால் வலது காலை மிதித்தது. பந்து கூரைக் கம்பியில் பட்டு வெளியே போனது. ஆட்டம் முடிந்தது.

"தோத்தாச்சு" என்றார் சிக்மாஸ், பேனாவை மூடியபடி. அந்த ஒரு சொல்லில் ஆகஸ்ட் மாதத்து இரண்டு டிக்கெட்டும் இருந்தன.

துடைப்பம் கொண்டுவந்தார்கள். ஸ்மில்டே அழுதுகொண்டே துடைத்தாள். அழுதுகொண்டே, "அந்த மூலையிலேருந்து ஆரம்பிங்க, இல்லன்னா நம்ம கால் தடமே மறுபடி விழும்" என்றும் சொன்னாள். மற்றவர்கள் அந்த மூலைக்குப் போனார்கள்.

சிக்மாஸ் ருகிலேவைக் கூப்பிட்டார். "ஏம்மா, எதுக்கு அவளை எடுத்த? பாவம் பாத்தியா?"

"பாவமா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜெயிக்கத்தான் கோச் எடுத்தேன்."

"தோத்துட்டியே."

"இன்னிக்குத் தோத்தோம்." துடைப்பத்தின் கட்டையைத் தரையில் ஊன்றினாள். "நான் எங்க போகணும்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியுது. காலையில அந்த பந்து பேய்க்குப் போகல, எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் லேட்டு. இன்னும் ஒரு வருஷத்துல அவ கால் வந்து சேந்துடும். அப்ப அவ எனக்கு எதிர் டீம்ல இருக்கக் கூடாது. அதான் எடுத்தேன்."

"ஒரு இடம்தான் இருக்கு, அது உனக்கா அவளுக்கான்னு தெரிஞ்சுமா?"

ருகிலே துடைப்பத்தைக் கையில் தூக்கிக்கொண்டாள். "அது வேற விஷயம் கோச்" என்றாள் மெதுவாக. துடைக்கப் போய்விட்டாள்.

சிக்மாஸ் மூடிய பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். ஈரத் துணி தரையில் இழுபடும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் யோசித்தேன். பதின்மூன்று வயதில் தன் இடத்துக்குப் போட்டியாக நிற்பவளின் திறமையை இவ்வளவு நேராகப் பார்க்கிற கண் எனக்கு இருந்ததா? இல்லை. எனக்கு அப்போது மற்றவர்களின் தவறு மட்டும்தான் துல்லியமாகத் தெரிந்தது. அந்தக் கண்ணுக்காகவே ருகிலேவை அனுப்பலாம். ஆனால் அந்தக் கண் சொன்னதை நம்பினால் அனுப்ப வேண்டியது மற்றவளை.

"சரி" என்றார் சிக்மாஸ் கடைசியில். "நம்ம ரெண்டு பேரையும் விட ருகிலே நல்லா பாக்குது. அது எடுத்தவளையே நாமளும் எடுத்துடுவோம்." எழுந்து நடைக்குப் போனார். அல்வீதாஸ் பெஞ்சிலிருந்து எழ ஆரம்பித்தார்.

"எழுந்திருக்காதீங்க, அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது. ஒரு டிக்கெட் போதும்."

அவர் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டார்.

ருகிலேவிடம் சொல்ல வேண்டியது என் பங்காயிற்று. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "தெரியும் கோச்" என்றாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "விடுதி டீம் அடுத்த வருஷம் எங்க ஊருக்கு ஆட வருமா?"

"வரும்."

"அப்ப நான்தான் எதிர்ல நிக்கணும்." துணியை இன்னொரு முறை முறுக்கினாள். "அவளுக்கு நல்ல ஷூ வாங்கிக் குடுங்க கோச். இப்ப போட்டிருக்கிற பத்தாத ஷூவுல அவ விழுந்து நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?"

ஸ்மில்டேவுக்குக் கால்கள் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று. விடுதியில் படிப்பை முடித்து, உள்நாட்டு லீகிலும் பிறகு ஸ்பெயினிலும் ஆடினாள். முழங்கால் அறுவைக்குப் பின் ஆட்டத்தை விட்டாள். இப்போது கௌனாஸில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். அல்வீதாஸும் அவர் மனைவியும் அயர்லாந்திலேயே வீடு வாங்கிவிட்டார்கள். ருகிலே அடுத்த வருஷம் சொந்த ஊரில் அந்த அணியோடு ஆடித் தோற்றாள், அதற்கடுத்த வருஷம் ஜெயித்தாள். நிலம் அளக்கும் வேலைக்குப் படித்தாள். வியாழக்கிழமைகளில் பெண்கள் அணியில் ஆடுகிறாள், கை இன்னும் தவறுவதில்லை. மேத்தா பல் மருத்துவர். சிக்மாஸ் நான்கு வருஷம் முன்பு இறந்துபோனார். நான் இன்னும் மார்ச் மாதத்தில் அந்த மேஜையில் உட்காருகிறேன். பக்கத்து நாற்காலிக்கு யாரும் வரவில்லை.