ஆபரேட்டரின் காது

டிக்கெட் கவுண்ட்டரை வாசல் கேட்டுக்கு மாற்றிய மேனேஜரை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தோன்றியது, ஊரே டிக்கெட்டக்கா என்று கூப்பிடும் அவளுக்கு. கேட்கவில்லை. "கூட்டம் உள்ள வந்து நெரியுதும்மா, இனிமே வெளியில உக்காந்து கிழிச்சுக் குடுங்க" என்று அந்த மனிதர் சொன்னபோது, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டிக்கெட் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வேறு என்ன சொல்ல முடியும்? வெயில் அடிக்கும் என்று சொல்லலாம். என் புருஷனுக்குக் காது கேட்காது, இந்தத் தியேட்டருக்கே நான்தான் காது என்று சொல்ல முடியுமா?

ஆமாம், சங்கதி அதுதான். மாடியில் இரண்டு புரொஜெக்டர்களுக்கு நடுவே நிற்கும் ஆபரேட்டருக்கு, அதாவது அவள் கணவருக்கு, காது அறவே போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் இடது, அப்புறம் வலது. இருபத்தாறு வருஷம் அந்த இரும்பு ராட்சசர்களின் கடகடப்பைக் கேட்ட காது வேறெப்படி இருக்கும்? சவுண்ட் வருகிறதா என்று கேபின் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதிர்ந்தால் வருகிறது. ஹாலில் கூடுதலா குறைச்சலா என்பது பாழாய்ப்போன கைக்குத் தெரியாதே! அதற்குத்தான் மாடிப்படிக்குக் கீழே, ஹால் கதவை ஒட்டி இருந்த பழைய கவுண்ட்டர். ஷோவை ஆரம்பிக்கச் சொல்லிக் கேபினில் எரியும் சிவப்பு பல்பின் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. ஒரு தடவை மின்னினால் சவுண்டைக் குறை, இரண்டு தடவை என்றால் கூட்டு, மூன்று என்றால் சவுண்டே போய்விட்டது, உடனே பார்.

ஆட்கள் பேசினால்? அதற்கும் வழி வைத்திருந்தாள். கேபினுக்கு யாராவது ஏறினால் சாப்பாட்டுக் கூடையோடு இவளும் பின்னாலேயே ஏறிவிடுவாள். வந்தவர் பேசுவதைக் குரலில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அப்படியே ஒப்பிப்பாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தபடி பதில் சொல்வார். "பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம மனுஷனுக்கு ஒரு வார்த்தை வராதுப்பா!" என்று கேலி பேசினார்கள். பேசட்டும், வாய்க்கு வரியா போட முடியும்? அவருக்கு வேறு தொழில் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை, வேலையோடு வந்த வீடு. வேலை போனால் சட்டிபானையோடு தெருவில் நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. குழந்தைகள் படம். எல்லா டிக்கெட்டும் தீர்ந்து, முன்வரிசையில் ஒரே சீட்டில் இரண்டு வாண்டுகள் என்று ஹால் பிதுங்கியது. கேட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெருவில் போகும் பஸ்ஸின் ஹார்ன்தான் கேட்டது. உள்ளே சவுண்ட் இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அரை மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. கவுண்ட்டரைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பட், பட், பட் என்று தோல்வார் இரும்பில் அடிக்கும் சத்தம். புரொஜெக்டரின் அடியில் ஓடி முடிந்த ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் சக்கரத்தின் பெல்ட் அறுந்திருந்தது. காது உள்ள எந்த ஆபரேட்டரும் இரண்டாவது அடிக்குள் பாய்ந்திருப்பான்.

கதவைத் தள்ளினாள். படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் கேட்டது. கீழே சுற்ற ஆளில்லாத ஃபிலிம் மட்டும் தரையில் கொட்டி, முழங்கால் உயரத்துக்குச் சுருண்டு கிடந்தது. அவரோ அதற்கு முதுகைக் காட்டி, அடுத்த ரீலுக்காக இரண்டாவது மெஷினைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி தேய்ந்திருந்தது போலும். அணைத்து, செக்கச்செவேலென்றிருந்த துண்டைக் குறட்டால் உருவி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கும் மணல் டப்பாவில் போட்டார். இருபத்தாறு வருஷப் பழக்கம், குறி தப்பாது. ஆனால் டப்பா ஃபிலிமுக்கு அடியில் அல்லவா கிடந்தது!

"ஐயோ, ஏங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். யாருக்காகக் கத்தினாள்? புகை குபுக்கென்று எழுந்தது. பாய்ந்து, வெறும் விரலால் அந்தத் துண்டைப் பொறுக்கிச் சிமெண்ட் மூலையில் எறிந்தாள். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைத் தூக்கிக் கருகிய சுருளின்மேல் கவிழ்த்தாள். கால் நனைந்தபிறகுதான் அவர் திரும்பினார்.

பார்த்ததும் மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "எப்ப அறுந்துச்சு? நான்... எனக்கு..." என்று மென்று முழுங்கினார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். மூன்று விரல் கொப்புளித்திருந்தது. துணியைக் கிழித்துச் சுற்றியபடி, "யார்கிட்டயும் மூச்சு விடாத. இந்த ஒரு தடவைதான். என்ன?" என்றார். அதற்குள் ரீல் முடியப் போனது. புதுக் கார்பனை மாட்டி, பற்றவைத்து, சரியான கணத்தில் அடுத்த மெஷினுக்கு மாற்றினார். திரையில் ஒரு துளி இருட்டு விழவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நாற்றம் மேனேஜர் மூக்குவரை போயிருந்தது. வந்துவிட்டார். ஆபரேட்டர் குனிந்து ஃபிலிமை அள்ளிக்கொண்டிருந்தார், கண் மட்டும் அவள் முகத்தில் இருந்தது.

"என்ன நாத்தம் இது?"

அவள் உதடு தானாக அசைந்தது. அவர் நிமிர்ந்து, "கார்பன் புகை சார், கொஞ்சம் ஈரக் கார்பன்" என்றார்.

மேனேஜர் ஈரத்தரையைப் பார்த்தார். துணி சுற்றிய விரல்களைப் பார்த்தார். நாலடி நகர்ந்து ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டார்: "ஆபரேட்டரே, உங்க வீட்டம்மா கை எப்படிச் சுட்டுச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். வழக்கம்போல, குழந்தை சோற்றுக்குப் பார்ப்பது போல.

சொல்லிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 'கை எப்படிச் சுட்டுச்சு', மூன்றே வார்த்தை. அவரும் சமாளித்துவிடுவார். நாளைக்கும் ஷோ ஓடும், வீடும் இருக்கும். கேபின் ஓட்டை வழியே கீழே பார்த்தாள். முன்வரிசையில் வாண்டுகள் சீட்டின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்து வந்திருந்தால்? நாளைக்கு அவள் கேட்டில் இருப்பாள், இவர் இங்கே இருப்பார்.

உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். புருவத்தை உயர்த்தினார். சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினார். கடைசியில் அவரே குத்துமதிப்பாக, வாயெல்லாம் சிரிப்பாக, "பிரிண்ட் பழசு சார், கீறல் இருக்கத்தான் செய்யும்" என்றார்.

மேனேஜருக்கு விளங்கிவிட்டது. கோபப்படக்கூட இல்லை அந்த மனிதர்.

"எத்தனை நாளாம்மா?"

"ரெண்டு வருஷம் சார்," என்றாள் குரலெடுத்து. "முழுசாவே கேக்காது."

ஆபரேட்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்து விடாமல் படித்திருப்பார். சிரிப்பு மெல்ல இறங்கி முகம் வெறுமையாயிற்று. கையிலிருந்த ஃபிலிமைப் பெஞ்சில் வைத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இந்த ரீல் இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு சார்," என்றார். "முடிச்சுக் குடுத்துட்டு இறங்கிடறேன்."