சத்தம் போடுகிற மிஷின்

கெயில் பிக்கப் வண்டியிலிருந்து பூவிலிருந்து இலை கழிக்கிற இரண்டு மிஷின்களை இறக்கி உலர்கொட்டகைக்குள் வைத்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தோட்டத்துச் சொந்தக்காரன் ஹோலிஸ் கேட்ட முதல் கேள்வியே அவளுக்குப் பிடிபடவில்லை.

"இதுல எது அதிகமா சத்தம் போடும்?"

"சத்தம் கம்மியா வேணுமா? அப்ப இந்தச் சின்னதுதான்."

"அதிகமான்னு கேட்டேன்."

பதினோரு வருடமாக ஹம்போல்ட் மலையில் கஞ்சாத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிஷின் விற்கிறவள் அவள். மணிக்கு எத்தனை பவுண்டு ஓடும், பூ உடையுமா, கழுவ எவ்வளவு நேரமாகும் என்றுதான் ஆட்கள் கேட்பார்கள். சத்தத்தை ஒரு சிறப்பாகக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். அவள் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தாள். ஆகஸ்டில் என்ன நடந்தது என்று மலைக்கே தெரியும் என்பதால் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

செடிகளை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பத்து நாளாகிவிட்டது. காம்பை வளைத்தால் படக்கென்று ஒடிகிற பக்குவம். மற்ற வருடமாக இருந்தால் இந்நேரம் கூலிக்கு இலை கழிக்க வருகிற டெல்ஃபினாவும் கூட நாலு பேரும் கொட்டகையின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பூவை ஒட்டிய பொடி இலைகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்க மூன்று வாரம் பிடிக்கும். கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லையே. யார் யாரோடு ஓடிப்போனது, யாருக்கு எங்கே கட்டி வந்தது, எல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் தீரும். ஹோலிஸின் மகன் டோபியும் ஐந்து அறுவடை அங்கே உட்கார்ந்தவன். வேலையைவிட அவன் அடித்த அரட்டைதான் அதிகம். இருபத்தாறு வயது. ஆகஸ்டில் மலைச்சாலைத் திருப்பத்தில் அவன் வண்டி உருண்டு பள்ளத்தில் கிடந்தது.

அதற்குப் பிறகு ஹோலிஸுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் மரத்துக் கிடந்தது. அடக்கத்தின்போதுகூட, மேல் பாத்தியில் தண்ணீர்க்குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு நின்றான். டெல்ஃபினா வந்து உட்கார்ந்து டோபி அப்படிச் சொன்னான், இப்படிச் செய்தான் என்று ஆரம்பித்தால் அந்த மரமரப்பு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் பயந்தான்.

அவன் மனைவி மார்லாவுக்கோ அதுதான் வேண்டியிருந்தது. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க வரட்டும், ஹோலிஸ். அவனப் பத்திச் சொல்ல ஆளுக்கு ஒண்ணாவது வச்சிருப்பாங்க. நமக்குத் தெரியாதது."

"மிஷின்தான் வருதே."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இப்போது கொட்டகை வாசலில் கைகட்டி நின்றாள்.

கெயில் முதலில் சின்னதை ஓடவிட்டாள். அதில் கத்தியே கிடையாது. துணிப்பைக்குள் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டு, காய்ந்த இலை தானாக உதிர்ந்தது. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசலாம். அரை மணியில் பூ கிட்டத்தட்ட கையால் கழித்தது போலவே வந்தது, பிசின் துகள்கூட அதிகம் கொட்டவில்லை.

"உங்க பூவுக்கு இதான் சரி," என்றாள் கெயில். "அந்தப் பெருசு மொட்டையடிச்சு விட்டுரும். விக்கிறவளே சொல்றேன், கேட்டுக்கோங்க."

"பெருசைப் போடு."

பெரியதில் இரும்பு உருளை, அடியில் கத்தி, இலையை இழுக்கும் காற்றாடி. சுவிட்சைத் தட்டியதும் தகரக்கூரை அதிர்ந்தது. கெயில் கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கினாள். ஹோலிஸ் ஒரு வார்த்தையும் காதில் விழாமல் தலையைத் தலையை ஆட்டினான். ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறையாக அவனுக்கு நிம்மதியாக இருந்தது. மார்லா மட்டும் நாலடி முன்னால் வந்து, கெயிலின் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"இதையே எடுத்துக்கறேன்," என்றான், அது நின்றதும்.

மறுநாள் காலையிலிருந்து மிஷின் கத்தியது. ஹோலிஸ் பூவைக் கொட்டினான், அள்ளினான், கொட்டினான். ஐந்து பேர் நாலு நாள் கழிக்கிற பூ மதியம் மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சுவிட்சை அணைத்தான். திரும்பிப் பார்த்தால், மார்லா அத்தனை பூவையும் நீள மேசையில் பரப்பி வைத்திருந்தாள். எதிரெதிரே இரண்டு முக்காலி, இரண்டு கத்தரிக்கோல்.

"என்ன இது?"

"கெயில் சொன்னாளே. எந்த மிஷினா இருந்தாலும் காம்பு நுனியை விட்டுருமாம். கடைசியில கையாலதான் பாக்கணுமாம். ரெண்டு பேர் உக்காந்தா போதும்னா. நீதான் தலையாட்டினியே."

அவன் உட்கார்ந்தான். வேறென்ன செய்வது. ஒரு பூவை எடுத்து நுனியைக் கத்தரித்தான், இன்னொன்றை எடுத்தான். கத்தரிக்கோல்களின் சத்தத்தைத் தவிர கொட்டகையில் ஒன்றுமில்லை. பூக்கள் மழமழவென்று சின்னதாகிப்போயிருந்தன. கெயில் சொன்னது சரிதான். அவனுக்கு அதுவும் உறைக்கவில்லை.

"டெல்ஃபினா போன் பண்ணா," என்றாள் மார்லா, தலை நிமிராமல். "இந்த வருஷம் வேலை இல்லன்னுட்டேன். சரின்னா. ஆனா டோபி பத்தி ஒண்ணு சொல்லிட்டுத்தான் போனை வச்சா."

அவன் அடுத்த பூவை எடுத்தான்.

"போன வருஷம், இதே மேசையில. நீ வெளியில விறகு பொளந்துட்டு இருந்தியாம்."

"மார்லா."

"உன்ன மாதிரியே அவன்..."

ஹோலிஸ் எழுந்தான். முக்காலி பின்னால் விழுந்தது. நாலே எட்டில் மிஷினிடம் போய்ச் சுவிட்சைத் தட்டினான். உள்ளே ஒரு பூவும் இல்லாமல் உருளை சுழன்றது, காற்றாடி இரைந்தது, கூரை அதிர்ந்தது.

மார்லா நிறுத்தவில்லை. காலி முக்காலி கிடந்த பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். பேசப் பேச இரண்டு கைகளையும் தூக்கி, கோடாரி ஓங்குவது போல ஓங்கி, ஒரு பக்கமாகத் தடுமாறிக் காட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அது ஹோலிஸ்தான். டோபி அவனை நடித்துக் காட்டியிருக்கிறான். பிறகு அவள் குனிந்து, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அதற்கடுத்து டோபி என்ன சொன்னான் என்பது அவனுக்குக் கேட்கவில்லை. மார்லாவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. காலி மிஷின் இரைந்துகொண்டிருந்தது. அவன் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.