சக்ஹா அருவியில் தங்கிப்போனவர்கள்

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் சக்ஹா அருவியில் ஒரு பேருந்து கொள்ளாத அளவுக்கு ஆன்மாக்கள் சேர்ந்துவிட்டன; உரியவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வந்து கேட்கவில்லை. சியாபாஸ் மலைக்காட்டு மாயன்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் திடுக்கிட்டாலோ பாசியில் வழுக்கினாலோ ஆன்மா கழன்று அங்கேயே உட்கார்ந்துவிடும். கிளம்பும்போது இலைக்கொத்து ஒன்றை ஒடித்துத் தரையில் அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப்போக வேண்டும். சுற்றுலா வழிகாட்டி பாஸ்டோரா அர்கோஸ் ஆரம்பத்தில் இதை ஒழுங்காகத்தான் செய்துவந்தாள். வாயில் நுழையாத பேர்களைக்கூட விடமாட்டாள்.

அதை நிறுத்தியவர் வேன் முதலாளி தொன் எலியாசர். காலையில் பழைய மாயன் கோயில், மதியம் சாப்பாடு, பிறகு அருவியில் அரை மணி நேரம் என்பது அவர் போட்ட திட்டம். "குளிக்கவே நேரம் பத்தல, இதுல ஒவ்வொருத்தன் ஆன்மாவையும் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா? அதைக் கோயில் படிக்கட்டுலயே முடிச்சுடு. அங்க போட்டோவும் நல்லா விழும்" என்றார். அன்றிலிருந்து பாஸ்டோரா காலையிலேயே, யாருக்கும் எதுவும் கழலாதபோதே, கோயில் படியில் இலைக்கொத்தை அடித்துக் கூப்பிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அதே படிக்கட்டில் நின்று, "இந்த மாயன்கள் எங்கேதான் மறைந்துபோனார்கள்?" என்று தினமும் யாராவது மாயன் பெண்ணான அவளையே கேட்பார்கள். "யாருக்கும் தெரியாது" என்று சொல்ல வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோளமாவு உருண்டையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள்.

ஆன்மா இல்லாமல் ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அலுவலகங்களில் நல்ல பெயர் எடுத்தார்கள். 'மறக்க முடியாத நாள்' என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஆன்மாக்களோ மூக்கில் வெயில் களிம்போடு பாறைகளில் உட்கார்ந்து, வெறுங்கையை நீட்டித் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தன. அவித்த சோளம் விற்கும் பெண்கள், பாவம் என்று ஆளுக்கொரு கதிர் கொடுத்தார்கள். மிளகாய்த்தூள் அதிகம் என்று அவை குறைப்பட்டுக்கொண்டன.

யாரோ ஒரு வெள்ளைக்காரியின் தொப்பியை எடுக்கப் போய் வேன் ஓட்டுநர் நிக்கானோர் வழுக்கி விழும்வரை பாஸ்டோராவும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நிக்கானோர் அவள் புருஷன். நேரத்துக்கு வண்டி எடுக்காதவன், முதலாளியை முகத்துக்கு நேரே ஏசுபவன், அடுப்படியில் உட்கார்ந்து அவளை வம்புக்கு இழுக்காமல் ஒரு வாய் இறங்காதவன். அருவியிலிருந்து வந்தவன் விடியுமுன் வண்டியைத் துடைத்தான். முதலாளியின் கடி ஜோக்குகளுக்குச் சிரித்தான். சிறந்த ஊழியர் என்று அவன் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். வீட்டில் அவரைக்குழம்பை வைத்தால் தட்டைக் காலி செய்துவிட்டு, "மிக நன்று. மீண்டும் வருவேன்" என்றான். பாஸ்டோரா இப்படி ஒரு நல்லவனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அழுதாள்.

"எம் புருஷனோட ஆன்மா அருவியில கெடக்கு, முதலாளி. ஒரு சாயங்காலம் விட்டீங்கன்னா கூப்பிட்டு வந்துடுவேன்."

"கெடந்துட்டுப் போகட்டுமே! வண்டி நேரத்துக்குப் போகுதா இல்லியா?"

மறுநாள் அருவியில் அரை மணி நேரம் முடிந்ததும் பாஸ்டோரா வேன் சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இலைக்கொத்தை ஒடித்தாள். புருஷனின் உடம்பைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, அவன் விழுந்த இடத்தில் நிறுத்தி, தரையில் ஓங்கி அடித்து, பேர் சொல்லிக் கத்தினாள். பயணிகள் கடிகாரத்தைக் காட்டிச் சத்தம் போட்டார்கள். பாறை மேல் யாரோ ஒரு நீதிபதியின் ஆன்மாவோடு சீட்டாடிக்கொண்டிருந்த நிக்கானோரின் ஆன்மா எரிச்சலோடு திரும்பியது.

"எதுக்குடி இந்தக் கத்து கத்துற? இங்க முதலாளி இல்ல, வண்டி இல்ல. நிம்மதியா இருக்கேன், பொறுக்கலியா உனக்கு?"

"நீ நிம்மதியா இரு! அங்க ஒரு சோப்ளாங்கி என் அடுப்படியில உக்காந்து, எதைப் போட்டாலும் மிக நன்றுங்கறான். எனக்குப் பயமா இருக்குய்யா. வந்து என்னைத் திட்டவாவது செய்."

ஆன்மா சீட்டைக் கவிழ்த்து வைத்தது. முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து உடம்புக்குள் நுழைந்தது. நிக்கானோர் ஒரு தும்மல் போட்டான். குனிந்து தன் சீருடையைப் பார்த்து, "இந்தக் கோமாளிச் சட்டையை எவன்டி எனக்கு மாட்டிவிட்டான்?" என்றான்.

வேன் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊர் வந்தது. பயணிகள் ஆளுக்கொரு நட்சத்திரம் போட, இருவருக்கும் அன்றே வேலை போனது. விசாரிக்க அருவிக்குப் போன தொன் எலியாசரும் அதே பாசியில் வழுக்கினார். எதுவும் கழன்று விழவில்லை என்று சோளக்காரிகள் சொன்னார்கள். ஆன்மாக்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. நகராட்சி அவற்றுக்கென்று ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருக்கிறது.

வேலை போன அன்று நிக்கானோர் அடுப்படியில் சப்பணமிட்டு அமர்ந்து அவரைக்குழம்பை ஒரு வாய் வைத்தான். முகத்தைச் சுளித்து, "உப்பே இல்லடி" என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது. பாஸ்டோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சிட்டிகை அள்ளிப் போட்டாள்.